எந்த டிஸ்க்கைக் கழற்றுவது?

கேள்வி: வீட்டில் நான்கு ஹார்ட் டிஸ்க் போட்ட லினக்ஸ் பெட்டி வைத்திருக்கிறேன். ரெய்டு 5, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் தகவல் போகாதபடி நான்கையும் சேர்த்துவைக்கும் முறை. நான்கும் ஒரே மாடல், ஒரே அளவு. நேற்று 'எஸ்டிசி (sdc) பழுது' என்று அறிவிப்பு வந்தது. ஏ, பி, சி என்று எண்ணி, மேலிருந்து மூன்றாவதைக் கழற்றிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஸ்க்ரூடிரைவரை முதலில் கீழே வையுங்கள்.

எஸ்டிசி என்பது டிஸ்க்கின் சொந்தப் பெயரல்ல. பெட்டி ஆன் ஆகும்போது டிஸ்க்குகள் கண்ணில் பட்ட வரிசைக்கு லினக்ஸ் ஒட்டுகிற சீட்டு. அடுத்த முறை அது மாறலாம். பழுதான டிஸ்க் அடியோடு செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் அது பட்டியலிலேயே வராது. நேற்று எஸ்டிடியாக இருந்த நல்ல டிஸ்க், இன்று எஸ்டிசியாக வந்து நிற்கும். அறிவிப்பை நம்பி அதைப் பிடுங்கினால் போச்சு! ரெய்டு 5 ஒரு டிஸ்க்கின் இழப்பைத்தான் தாங்கும், இரண்டைத் தாங்காது.

நம்ப வேண்டியது சீரியல் எண் ஒன்றைத்தான். பெட்டி இன்னும் ஓடுகிறதல்லவா? முக்கியமான கோப்புகளை உடனே வேறிடத்துக்கு நகலெடுங்கள். அப்புறம் டிஸ்க்கின் விவரத்தையும் உடல்நிலையையும் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளையால் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் கேட்டுத் தாளில் எழுதுங்கள். பழுதானது வாய் திறக்கவில்லையா? கவலை இல்லை. பதில் சொன்ன மூன்றின் எண்களும் கையில் இருக்கின்றன. அதில் இல்லாத எண் எந்த டிஸ்க்கின் மேல் இருக்கிறதோ, அதுதான் ஆள்.

இனி பெட்டியை அணைத்து, மின்சார வயரையும் உருவிவிட்டு, டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து லேபிளைப் பாருங்கள். ஓடும்போதே உருவாதீர்கள், தப்பான டிஸ்க் கையில் வந்தாலும், அணைத்த பெட்டியென்றால் திரும்பச் செருகிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். லேபிளில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், 8-உம் பி-யும் ஒன்றுபோலத் தெரியும். செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கி, கடைசி நான்கு எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டால் போதும். எடுத்த டிஸ்க்கை அதே இடத்தில் வையுங்கள். கையோடு கையாக அந்த நான்கு எழுத்துகளையும் பெட்டியின் முன்பக்கம் ஒட்டிவிடுங்கள். இதைப் பெட்டி வாங்கிய அன்றே செய்திருக்கலாம், சரி.

டிஸ்க் வேலை செய்யும்போது எரியும் விளக்கு மினுங்குவதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மினுங்காதது செத்த டிஸ்க்காகவும் இருக்கலாம், சும்மா இருக்கும் நல்ல டிஸ்க்காகவும் இருக்கலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

புது டிஸ்க்குக்குப் பணம் கட்டுவதற்கு முன் இன்னொன்று. பழுதானது பதில் சொல்கிறது என்றால், அதே ஸ்மார்ட்சிடிஎல் தரும் அட்டவணையில் 5 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), 197 (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்கள்) என்ற எண்ணுள்ள வரிகளைப் பாருங்கள். அங்கே எண்ணிக்கை ஏறியிருந்தால் டிஸ்க்கின் கதை முடிகிறது. அவை பூஜ்யமாக இருந்து, 199 (தகவல் போகும் வழியில் நேர்ந்த பிழைகள்) மட்டும் ஏறிக்கொண்டே போனால், பெரும்பாலும் டிஸ்க்கைப் பெட்டியோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் குற்றவாளி. அதை மாற்றிப் பாருங்கள்.