காலாங்கில் நீங்கள் பார்த்த சண்டைப் பாணி

வணக்கம். சிங்கப்பூரின் காலாங் உள்விளையாட்டரங்கில் நீங்கள் கண்ட வீரர் எதிராளியின் கழுத்தை இரு கைகளாலும் வளைத்துப் பிடித்து விலாவில் முழங்காலால் இடித்ததையும், நெருங்கியபோது முழங்கையை வீசியதையும் விவரித்து, அது மலாய்த் தற்காப்புக் கலையான சிலாட்டா, கிக்பாக்சிங்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை, தாய்லாந்தின் முவாய் தாய் என்பதே என் கணிப்பு. கே-1 என்னும் போட்டி அமைப்பின் விதிகளின்படி நடக்கும் கிக்பாக்சிங்கில் முழங்கை அடிக்கு இடமில்லை. கழுத்துப் பிடியையும் நடுவர் விரைவில் பிரித்துவிடுவார். மியன்மாரின் லெத்வே இதே சாயலில் இருந்தாலும், அதில் தலையால் முட்டவும் அனுமதி உண்டு. நீங்கள் அதைக் குறிப்பிடவில்லை. நம்மூர்ச் சிலாட்டிலோ, தாழ்ந்த நிலையும் காலை வாரி வீழ்த்துவதுமே முதலில் கண்ணில் படும் (அதன் அழகே தனி). சண்டைக்கு முன் அவர் மண்டியிட்டு வணங்கி, மேடையில் மெதுவாக ஆடியிருந்தால் அது வாய் க்ரூ என்னும் குருவணக்கம்; அப்படியானால் என் கணிப்பு இன்னும் வலுப்பெறும்.