செலினியம் மாத்திரை போட்டால் புற்றுநோய் வராமல் தடுக்கலாமா?

அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், கோத்தகிரியில் இருக்கும் நாங்கள் முன்னெச்சரிக்கையாக செலினியம் மாத்திரை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

செலினியம் ஒரு தாதுச்சத்து, உடலுக்குத் தேவைதான். செல்களைச் சேதத்திலிருந்து காக்கும் சில நொதிகள் அது இல்லாமல் வேலை செய்யாது. ஆனால் ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராமே போதும். அமெரிக்காவில் 2001-ல் தொடங்கிய பெரிய சோதனையில் 35,000-க்கும் அதிகமான ஆண்கள் சேர்ந்தார்கள். அதில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 200 மைக்ரோகிராம் செலினியம் கொடுத்தார்கள். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய் குறையவே இல்லை. 2008-ல் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அளவு மீறிப் போனால் முடி கொட்டும், நகம் உடையும்.

குடல் என்றால் கவனிக்க வேண்டியது கால்சியம். கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்கள் பெருங்குடலின் உட்சுவரை உறுத்திக்கொண்டே இருக்கும். கால்சியம் அவற்றைப் பிடித்து மலத்தோடு வெளியே தள்ளிவிடும். கால்சியம் போதுமான அளவு சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் ஆபத்து சற்றுக் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இதற்கு மருந்துக்கடைக்குப் போக வேண்டாம். நம் மலையில் ராகிக் களி புதிதா என்ன? 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கூடவே ஒரு டம்ளர் மோர். உப்பு அதிகமான ஊறுகாய், கருவாட்டைக் குறையுங்கள், அது வயிற்றுக்கு ஆகாது.

அப்புறம், மாத்திரையைவிட முக்கியமானது கொலனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயைச் செலுத்திப் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் பரிசோதனை. 40 வயதில், அல்லது அப்பாவுக்கு நோய் தெரிந்த வயதுக்கு 10 வருடம் முன்னால், எது முதலில் வருகிறதோ அப்போது செய்துகொள்ளுங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால் வயதைப் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.