அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் இன்னும் பழைய சாஃப்ட் பாயின்ட் குண்டையே விரும்புவது ஏன்?

விலை குறைவு, மானுக்கு அதுவே தாராளம். இவைதான் முக்கியக் காரணங்கள்.

இந்தக் குண்டின் உள்ளே ஈயம், மேலே செம்பு உறை. நுனியில் மட்டும் உறை கிடையாது. உடலில் பட்டதும் அந்த ஈய நுனி நசுங்கிக் காளான் குடைபோல விரியும். காயம் அகலமாகி மான் சீக்கிரம் விழும். முழு உறை போட்ட குண்டோ துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். அடிபட்ட மான் எங்கோ ஓடித் துடித்துச் சாகும். பல மாநிலங்கள் மான் வேட்டையில் அந்த வகையைத் தடை செய்திருப்பது இதனால்தான்.

விரிந்தால் மட்டும் போதாது, சிதறவும் கூடாது. ரெமிங்டன் நிறுவனம் 1939-இல் கொண்டுவந்த கோர்-லாக்ட் என்ற சாஃப்ட் பாயின்ட் குண்டில், தடித்த உறை ஈயத்தைக் கவ்விப் பிடிக்கும். சாதாரண மானுக்கு என் ஓட்டு இதற்கே. எல்க், மூஸ் போன்ற பெரிய மான் வகைகள் என்றால் நோஸ்லர் நிறுவனத்தின் பார்ட்டிஷன் குண்டு: நடுவில் ஒரு தடுப்புச் சுவர், முன்பாதி விரிந்தாலும் பின்பாதி ஆழமாக இறங்கும்.

.30-30 என்ற தோட்டாவைச் சுடும், நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் பழைய லீவர் துப்பாக்கிகளில் வேறொரு விஷயமும் உண்டு. தோட்டாக்களை வைக்கும் குழாய் மேகசினில் அவை ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். பின்னாலிருக்கும் குண்டின் கூர்முனை, முன்னாலிருக்கும் தோட்டாவின் பிரைமரில் (அடியில் இருக்கும், இடித்தால் தீப்பற்றும் மூடியில்) இடித்தால் அது வெடித்துவிடலாம். மழுங்கிய ஈயமுனையில் அந்தப் பயம் குறைவு.

அப்புறம், ஈயத் துணுக்குகள் இறைச்சியில் தங்கிவிடும். மிச்சத்தைத் தின்னும் காண்டோர் கழுகுகளுக்கும் அது விஷம். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. அங்கே செம்புக் குண்டுதான்.