கல்யாண ரிசப்ஷனுக்கு நிழல்படம் வெட்டுபவரைக் கூப்பிட எவ்வளவு ஆகும்? மூன்று மணி நேரத்துக்கு 9,000 கேட்கிறார், கறுப்புப் பேப்பருக்கு இவ்வளவா?

கேள்வியில் அந்தக் கடைசி மூன்று வார்த்தை இல்லாமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்குக் கடந்து போயிருப்பேன். நான் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன், ஒருவரின் பக்கவாட்டு முக விளிம்பை அப்படியே கறுப்புப் பேப்பரில் வெட்டிக் கொடுக்கும் இதே வேலைதான் ஏழு வருடமாகச் செய்கிறேன். உங்கள் வீட்டு நிலைமை எனக்குப் புரிகிறது. மண்டபம், சாப்பாடு, போட்டோ, டெக்கரேஷன் எல்லாம் பேசி முடித்துக் கையில் இருந்த பணம் கரைந்த பிறகு, பெண்ணோ அவள் தோழியோ இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு இது வேண்டும் என்று கேட்டிருப்பார்கள். அதனால்தான் இந்தத் தொகை கண்ணை உறுத்துகிறது. முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன்.

வேலூருக்குள் என்றால் நான் மூன்று மணி நேரத்துக்கு 7,500 வாங்குகிறேன். பேப்பர், ஒட்டுகிற அட்டை, கூட வரும் பையன் கூலி 800 எல்லாம் அதில் அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 2,000. ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் என்றால் போக்குவரத்துக்கு 1,000 கூடும். சென்னை என்றால் 15,000 கேட்பேன், ஏனென்றால் ரிசப்ஷன் முடிய பத்தரை ஆகும், அங்கிருந்து 140 கிலோமீட்டர் ராத்திரியில் திரும்பி வர வேண்டும், மறுநாள் காலை உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. இதெல்லாம் என் கணக்கு மட்டும்தான், மற்றவர்கள் கூடக் குறையக் கேட்கலாம். ஆனால் உங்களிடம் கேட்ட 9,000 அநியாயம் இல்லை.

தலைக்கு 50 ரூபாய் என்று பேசலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அப்படிப் பேசாதீர்கள். ஒருவரைப் பக்கவாட்டில் உட்கார வைத்து, கழுத்தில் ஆரம்பித்து முகவாய், உதடு, மூக்கு, நெற்றி என்று மேலே ஏறி, பின்னந்தலை வழியாக இறங்கி முடிக்க எனக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். பென்சிலால் வரைந்துகொள்வது கிடையாது. கத்தரிக்கோல் இருந்த இடத்தில் இருக்கும், பேப்பரைத்தான் திருப்பிக்கொண்டே போக வேண்டும். ஒட்டி, பெயர் எழுதிக் கொடுத்து, அடுத்தவர் வந்து சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார இன்னொரு ஒன்றரை நிமிடம். ஆக ஒரு மணி நேரத்துக்கு 20 பேர், மூன்று மணி நேரத்துக்கு 60 பேர். உங்கள் ரிசப்ஷனுக்கு 600 பேர் வந்தால் எல்லாருக்கும் கிடைக்காது, அதை முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளுக்கு அரை ரேட் கேட்பவர்களும் உண்டு. குழந்தைதான் கஷ்டம், பத்து நொடி கூட அசையாமல் இருக்காது. மூக்கு மேடு இன்னும் எழும்பியிருக்காது, ஒரு நூல் அளவு தப்பினாலும் வேறு பிள்ளை ஆகிவிடும். தலை நிறைய மல்லிகைச் சரம் வைத்த பெண்களுக்கு ஒவ்வொரு மொட்டும் விளிம்பில் தெரிய வேண்டும், ஜிமிக்கி தொங்கினால் அதையும் விட முடியாது. இதற்குச் சாதாரணக் கத்தரி ஆகாது. நான் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் இருக்கும் சர்ஜிக்கல் கடையில், கண் ஆபரேஷனுக்கு வைத்திருக்கும் நுனி கூரான சின்னக் கத்தரிதான் வாங்குகிறேன், ஒரு சீசனுக்கு இரண்டு போய்விடும்.

வெளிநாட்டில் இது மலிவான படம்தானே என்று ஒருவர் என்னிடமே வாதம் செய்தார். உண்மைதான். பிரான்சில் 1759ல் எட்டு மாதம் நிதி அமைச்சராக இருந்த எத்தியென் த சிலூயெத் கடும் சிக்கனக்காரர், அதனால் சிக்கனமான எதற்கும் அவர் பெயரைச் சொல்லப் போய்க் கடைசியில் இந்தப் படத்துக்கும் அதுவே (இங்கிலீஷில் silhouette) பெயராகிவிட்டது. ஓவியரிடம் வண்ணத்தில் வரைந்துகொள்ள வசதி இல்லாதவர்கள் இதை வெட்டி வாங்கிக்கொண்டார்கள். 1839ல் போட்டோ வந்த பிறகு அந்தப் பிழைப்பும் குறைந்துவிட்டது. அன்று ஊருக்கு ஊர் ஆள் இருந்ததால் மலிவு. இன்று வேலூர் மாவட்டத்தில் தேடிப் பாருங்கள், எத்தனை பேர் கிடைக்கிறார்கள் என்று.

சரி, ஆற்காட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு, ஆவணி மாத முகூர்த்தம். ஒரு ஈவென்ட் ஏஜென்ட் மூலமாக வந்த வேலை, எனக்கு 5,000 பேசி 1,000 முன்பணம் கொடுத்திருந்தார். மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டு, பெண்ணோட சித்தி பிள்ளைகள் நான்கு பேருக்கு வெட்டி வரிசையாக வைத்திருந்தேன். பெண்ணின் தாத்தா வந்தார். கறுப்புக் காகிதத்தைப் பார்த்தார், கத்தரியைப் பார்த்தார், "கல்யாண வீட்டில கறுப்புல தலையை வெட்டி வெச்சிருக்கியேம்மா" என்றார். சத்தம் கூடப் போடவில்லை, குரல் நடுங்கியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் மேல் எனக்கு இன்று வரை வருத்தம் இல்லை. என் மகள் கல்யாணத்தில் யாராவது அப்படி வைத்திருந்தால் என் மாமியாரும் அதைத்தான் சொல்லியிருப்பார். எனக்குக் கோபம் ஏஜென்ட் மேல். என்ன வேலை, எந்த நிறத்தில் வரும் என்று ஒரு வார்த்தை அந்த வீட்டில் சொல்லவில்லை, போனில் கூப்பிட்டால், "எடுத்து வெச்சிட்டுக் கிளம்புங்க, பேலன்ஸ் கிடையாது, நீங்கதான் வேலை செய்யலையே" என்கிறார்.

எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது பெண்ணின் அத்தை மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். அரக்கு நிறம், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. "இதுல வெட்டுவியா?" என்றார். அட்டை கெட்டி, இரண்டாக மடிக்க முடியவில்லை. கறுப்புப் பேப்பரை மடித்து வெட்டினால் ஒரே வெட்டில் இடம் பார்த்து ஒன்று, வலம் பார்த்து ஒன்று என இரண்டு கிடைக்கும், இதில் ஒன்றுதான். முதலில் பெண், அப்புறம் மாப்பிள்ளை. பத்தே முக்கால் வரை 41 பேருக்கு வெட்டினேன். கட்டைவிரல் கொப்புளித்துத் தோல் உரிந்துவிட்டது. தாத்தா கடைசி வரை வந்து உட்காரவில்லை, ஆனால் சாப்பிட்டாயா என்று இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டார்.

கிளம்பும்போதுதான் அத்தை சொல்லித் தெரிந்தது, என் வேலைக்கு என்று அந்த வீட்டில் வாங்கியது 14,000. எனக்கு வர வேண்டிய மீதி 4,000 நான்கு மாதம் கழித்து, அதுவும் இரண்டு தவணையாக ஜிபேயில் வந்தது. எல்லா ஏஜென்ட்டும் அப்படி என்று நான் சொல்லவே இல்லை, மண்டபமும் வேலையும் ஒழுங்காகப் பிடித்துக் கொடுத்து, வந்ததில் நியாயமான பங்கு எடுப்பவர்களும் எனக்குத் தெரியும். உங்களிடம் 9,000 கேட்டவர் வெட்டுகிற ஆளா, நடுவில் இருப்பவரா என்று மட்டும் கேளுங்கள்.

வருடம் முழுக்க வேலை இருக்கிறதே, கொஞ்சம் குறைக்கலாமே என்று நினைக்கலாம். ஆடி இல்லை, மார்கழி இல்லை, புரட்டாசியில் அபூர்வம். வளர்பிறை முகூர்த்தம் வந்தால் ஒரே நாளில் நான்கு வீட்டில் கூப்பிடுவார்கள், ஒன்றுக்குத்தான் போக முடியும்.

இந்தத் தொழிலுக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய டீச்சராக இருந்தேன். வாரத்துக்கு ஒரே ஒரு பீரியட். ஜனவரி பிறந்தால் அதையும் கணக்கு சாருக்கோ சயின்ஸ் மிஸ்ஸுக்கோ கொடுத்துவிட்டு, விடைத்தாள் கட்டுக்கு நூல் கட்ட என்னை ஆபீசில் உட்கார வைப்பார்கள். பிள்ளைகள் கிரேயான் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு, "மிஸ் இன்னிக்காவது டிராயிங் இருக்கா?" என்று வராந்தாவில் கேட்பார்கள். மே மாதம் சம்பளம் கிடையாது. பேப்பர் வெட்டச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் இரண்டு பேருக்கு என்னைவிட நல்ல கை, அவர்களுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் அந்த ஒரு பீரியடும் இல்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் கலைக்கு என்ன விலை என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த வராந்தாதான் ஞாபகம் வருகிறது.

நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும் பாதிப் பணம் முன்னால் கொடுத்து, மாதிரிப் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி வீட்டுப் பெரியவர்களுக்குக் காட்டிவிடுங்கள். கறுப்பு வேண்டாம் என்றால் அரக்கு, கரும்பச்சை, கருநீலத்தில் வெட்டலாம், நான் ஆற்காட்டுக்குப் பிறகு மூன்றும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன், அதற்குத் தனிக் காசு இல்லை. உட்கார்பவர் முகத்துக்கு வெளிச்சம் வருகிற மாதிரி ஒரு மூலை கொடுங்கள். ஃபேன் காற்று மேசை மேல் நேராக விழக் கூடாது, ஒட்டாத படம் பறந்து பந்திப் பக்கம் போய்விட்டால் அதே முகத்தை மறுபடி உட்கார வைக்க ஆள் கிடைக்க மாட்டார்.