பெரிய இடத்து ஆட்களைப் பார்த்தாலே எரிகிறது… இது பொறாமையா?

கேள்வி: எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அமைச்சர், உயர் அதிகாரி, பெரிய கம்பெனி முதலாளி, டிவியில் உட்கார்ந்து நமக்குப் பாடம் எடுக்கும் மேதாவி என்று யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது. விதி போடுவது அவர்கள், கடைப்பிடிப்பது நாங்கள். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் இன்று பெரிய பதவியில் இருக்கிறான். எங்கள் பகுதிப் பிரச்சினை ஒன்றைச் சொல்ல அவனைப் பார்க்கப் போனேன். வெகுநேரம் வெளியே உட்கார வைத்தான். அதைக்கூட மன்னித்துவிடுவேன். 'உங்கள மாதிரி ஆளுங்களுக்கு இதெல்லாம் எப்படி நடக்குதுன்னு தெரியாதுப்பா' என்றான். அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டேன். 'உங்களுக்கு அவர் மேல பொறாமைங்க, வேற ஒண்ணுமில்ல' என்கிறாள் என் மனைவி. அப்படித்தானா? இனி ஓட்டுப் போடுவதையே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைப் பேசிவிடுவோம், அது கொஞ்சம் பெரிது.

காக்க வைத்ததை மன்னித்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். 'உங்கள மாதிரி ஆளுங்க' என்றதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். அடுத்தவன் வசதியாக இருக்கிறான் என்பதற்காக மட்டும் யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. விளையாட்டு வீரர் கோடி கோடியாகச் சம்பாதித்தால் நாம்தான் விசில் அடிக்கிறோம். நமக்குப் போட்ட விதி அவர்களுக்கு இல்லை என்று தெரியவரும்போதுதான் வயிறு எரிகிறது. ஏன் என்று கேட்டால் 'உனக்குப் புரியாது' என்று பதில் வரும்போது இன்னும் எரிகிறது.

கொரோனா காலத்து பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மே மாதத்தில் அங்கே வேறு வீட்டைச் சேர்ந்த ஒரே ஒருவரைத்தான் சந்திக்கலாம், அதுவும் திறந்தவெளியில், இரண்டு மீட்டர் தள்ளி நின்று. ஆஸ்பத்திரியில் கிடந்த தாய் தகப்பனிடம் போனிலேயே விடைபெற்றவர்கள் ஏராளம். அந்த மே 20-ம் தேதி மாலை, பிரதமரின் டவுனிங் தெரு வீட்டுத் தோட்டத்தில் விருந்து நடந்தது. பிரதமரின் முதன்மைத் தனிச் செயலாளரே நூறு பேருக்கும் மேல் மின்னஞ்சல் தட்டியிருந்தார். அவரவர் குடிக்க வேண்டியதை அவரவரே கொண்டுவரவும் என்று குறிப்பு வேறு. இப்படிப் பல கூட்டங்கள் நடந்திருக்கின்றன. விஷயம் கசிய ஆரம்பித்த 2021 டிசம்பரில், விதிகள் எல்லாம் முழுமையாகப் பின்பற்றப்பட்டன என்று நாடாளுமன்றத்தில் சொன்னார் பிரதமர் போரிஸ் ஜான்சன். கடைசியில் 83 பேருக்கு 126 அபராதங்கள் விதித்தது போலீஸ். பிரதமருக்கும் ஒன்று கிடைத்தது. அவர் தெரிந்தே சபைக்குத் தவறான தகவல் தந்தார் என்று நாடாளுமன்றக் குழு 2023-ல் அறிக்கை கொடுத்தது.

இந்தக் கணக்கையெல்லாம் விட என்னை உறுத்தியது மூத்த அதிகாரி சூ கிரேயின் விசாரணை அறிக்கையில் வரும் ஒரு சின்ன விவரம். 2020 டிசம்பர் 18 இரவு ஒரு கூட்டம் நடக்கிறது. மறுநாள் காலை அந்த அறைக்கு வந்த துப்புரவுப் பணியாளர் பார்த்தது, ஒரு பக்கச் சுவரிலும் ஜெராக்ஸ் பேப்பர் பெட்டிகள் மேலும் கொட்டிக் கிடந்த சிவப்பு ஒயினை. துப்புரவு ஊழியர்களையும் காவலர்களையும் அங்கே பல தடவை மரியாதையில்லாமல் நடத்தியிருக்கிறார்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஊரெல்லாம் கட்டுப்பாடுகளில் முடங்கிக் கிடக்கும்போது வேலைக்கு வந்தே ஆகவேண்டிய மனிதர் அந்தத் துப்புரவுப் பணியாளர். கறையைப் போட்டவர்கள், நாடு எப்படி இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். இதைப் படித்துவிட்டு ஒருவருக்குக் கோபம் வந்தால் அதைப் பொறாமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இதற்குப் பக்கத்திலேயே நார்வேயையும் வைத்துப் பார்க்கலாம். 2021-ல் பிரதமர் எர்னா சோல்பர்கின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் குடும்பம் கூடியபோது பத்துப் பேர் என்ற வரம்பு மீறப்பட்டது. விஷயம் வெளியானதும் அவர் மன்னிப்புக் கேட்டார். போலீஸ் 20,000 குரோனர் அபராதம் போட்டது. இதுபோன்ற பெரும்பாலான சம்பவங்களுக்கு அபராதம் போட மாட்டோம், கட்டுப்பாடுகளை முன்னால் நின்று அறிவித்தவர் என்பதால் போடுகிறோம் என்று போலீஸ் விளக்கம் சொன்னது. பதவிக்காகச் சலுகை தராமல், பதவிக்காகவே கூடுதல் கண்டிப்புக் காட்டியிருக்கிறார்கள். தப்பு நடந்த பிறகு நடந்துகொண்ட விதத்தில்தான் இரண்டு நாடுகளும் வேறுபட்டன.

மேலே இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஏன் உறைப்பதில்லை என்று கேட்பீர்கள். அவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்றால் பதில் சுலபம். பல பேர் ராப்பகலாக உழைக்கிறவர்கள், நேர்மையானவர்களும் உண்டு. ஆனால் பதவி ஏற ஏற அவர்களைச் சுற்றி ஒரு வடிகட்டி உட்கார்ந்துவிடுகிறது. பார்க்க வருகிறவன் மனுவோடு வருகிறான், சிரித்துக்கொண்டே வருகிறான். கீழே நடக்கும் கசப்பான சங்கதி ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் இனிப்புப் பூசிக்கொண்டு மேலே போகிறது. கவுன்ட்டரில் நின்று, 'நாளைக்கு வாங்க' என்ற பதிலைக் கேட்டு அவர்களுக்குப் பல வருஷம் ஆகியிருக்கும். இவ்வளவு உழைக்கிறேனே, இந்தச் சின்னச் சலுகைகூட எனக்குக் கூடாதா என்ற எண்ணம் அங்கிருந்துதான் முளைக்கிறது. (எல்லா வசதியையும் திமிர்க் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே 1986-ல் ஓர் இரவு மெய்க்காப்பாளர் இல்லாமல் மனைவியோடு சினிமா பார்த்துவிட்டு நடந்து வரும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். பாதுகாப்பு வண்டி சில சமயம் பாதுகாப்புக்குத்தான்.)

பரீட்சை எழுதி, முட்டி மோதி மேலே வந்தவர்களிடம் இது இன்னும் அழுத்தமாக இருக்கும். பரம்பரைப் பணக்காரனுக்காவது உள்ளுக்குள் ஒரு கூச்சம் மிச்சமிருக்கலாம். இவர்களுக்கு அதுவும் கிடையாது, எல்லாம் என் தலையில் இருந்து வந்தது என்ற நினைப்பு. பிரான்ஸில் இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945-ல், சிபாரிசும் குடும்பச் செல்வாக்கும் இல்லாமல் தேர்வு வைத்து உயர் அதிகாரிகளை எடுப்பதற்கென்றே ஒரு நிர்வாகக் கல்லூரியைத் தொடங்கினார்கள். நோக்கம் தங்கமானது. போகப் போக ஜனாதிபதிகள், பிரதமர்கள், பெரிய நிறுவனத் தலைவர்கள் என்று ஒரே அச்சில் வார்த்த ஆட்களை அனுப்பும் இடம் என்று அது பெயரெடுத்தது. அங்கே படித்த ஜனாதிபதி மக்ரோன், 2018 செப்டம்பரில் வேலை கேட்ட ஓர் இளைஞரிடம், தெருவைக் கடந்தால் போதும், உனக்கு வேலை பிடித்துத் தருகிறேன் என்றார். நவம்பரில் மஞ்சள் அங்கி அணிந்தவர்கள் சாலைகளை மறித்தார்கள். போராட்டம் வெடித்தது எரிபொருள் வரிக்காக. ஆனால் இப்படிப்பட்ட பேச்சுகளும் மக்கள் மனதில் ஏறியிருந்தன. 2021-ல் அந்தக் கல்லூரியை மூடப்போவதாக அறிவித்ததும் அதே மக்ரோன்தான்.

உங்கள் நண்பர் இந்த ரகமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். சரி, இப்போது மனைவி சொன்ன பாதிக்கு வருவோம்.

நீங்கள் ஏன் அவரிடம் போனீர்கள்? உங்கள் பகுதிக்கு ஒரு பிரச்சினை. மனு கொடுக்க ஓர் அலுவலகம் இருக்கும், கேள்வி கேட்க ஒரு மக்கள் பிரதிநிதி இருப்பார். அதையெல்லாம் தாண்டி, ஒரே பெஞ்சில் படித்த உரிமையோடு நேரே உள்ளே போனீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படியொரு பெஞ்ச் கிடையாது. நண்பர் எழுந்து வந்து தோளில் கைபோட்டு, காரியத்தை முடித்துக் கொடுத்திருந்தால் 'பதவி வந்தும் மாறாதவன்' என்று நாலு பேரிடம் சொல்லியிருப்பீர்களா, மாட்டீர்களா? அன்றைக்கு வரிசையில் நின்றவர்கள் உங்களைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்? குற்றம் சொல்லவில்லை, நம்மில் யார்தான் ஆள் தேடாமல் இருக்கிறோம். ஆனாலும் அவர் செய்த அவமரியாதையோடு, கிடைக்காமல் போன சலுகையின் ஏமாற்றமும் உங்கள் கோபத்தில் கலந்திருக்கிறது. உங்கள் மனைவி அதைத்தான் மோப்பம் பிடித்திருக்கிறார்.

இன்னொன்று, 'யாரைப் பார்த்தாலும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குப் பயம். பழைய ஏதென்ஸ் நகரத்தில், அதிகமாக ஓங்குகிற ஒருவரைப் பத்து வருஷம் ஊரை விட்டு அனுப்ப மக்கள் ஓட்டுப் போடுவார்கள். உடைந்த பானைத் துண்டில் பெயரைக் கீறிப் போட வேண்டும். அரிஸ்டைடிஸ் என்பவரை அப்படி வெளியேற்றியது கி.மு. 482 வாக்கில். அன்று எழுதத் தெரியாத ஒருவர், யாரென்று தெரியாமல் அவரிடமே பானைத் துண்டை நீட்டி, 'அரிஸ்டைடிஸ் என்று எழுதிக் கொடுங்கள்' என்றாராம். அவர் உனக்கு என்ன கெடுதல் செய்தார் என்று கேட்டதற்கு, 'ஒன்றும் இல்லை. போகிற இடமெல்லாம் நியாயவான், நியாயவான் என்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது' என்றாராம். அரிஸ்டைடிஸ் பேசாமல் எழுதிக் கொடுத்தார் என்பது கதை. இரண்டே வருஷத்தில் பாரசீகப் படை வந்தபோது அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள் என்பது வரலாறு.

இப்படிக் குறியில்லாத கோபத்தை விலைக்கு வாங்க ஆள் எப்போதும் தயார். மேலே சொன்ன போரிஸ் ஜான்சனையே பாருங்கள். ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்போர்டு என்று மேட்டுக்குடிப் பாதையில் வந்தவர். 2016-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும் வாக்கெடுப்பில், மேலே உட்கார்ந்திருக்கும் மேதாவிகளிடமிருந்து அதிகாரத்தை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று சாதாரண மக்களின் குரலாக நின்றவர்களில் அவர் முக்கியமானவர். கலைந்த தலை, கோணல் டை, கிண்டல் பேச்சு. அவரை நம்மில் ஒருவர் என்று நினைத்தவர்கள் பலர். நாலு வருஷம் கழித்து அதே ஆள் வீட்டுத் தோட்டத்தில்தான் அந்த விருந்து. நம்மைப் போலப் பேசுகிறாரா, உடுத்துகிறாரா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, நமக்குப் பொருந்தும் விதி அவருக்கும் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிற டாக்டர் மேல் வருகிற எரிச்சலையும், அபராதம் கட்டாமல் நழுவுகிற அமைச்சர் மேல் வருகிற எரிச்சலையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

நண்பரிடம் போன் போட்டுப் பேசுங்கள். காரியம் எதையும் கேட்காதீர்கள். 'நீ என்னை உக்கார வெச்சது பரவால்லடா. உங்கள மாதிரி ஆளுங்கன்னு சொன்னியே, அது வலிச்சது. எப்படி நடக்குதுன்னு எனக்குத் தெரியலன்னா சொல்லிக் குடு' என்று நேராகச் சொல்லுங்கள். அவரைச் சுற்றி இருப்பவர்களில் இதைச் சொல்லக்கூடியவர் யாருமே இல்லாமல் இருக்கலாம். வருத்தப்பட்டால் நட்பு பிழைத்தது. மழுப்பினால், அவரைப் பற்றிய உங்கள் அபிப்பிராயத்தை அதற்கு மேல் யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை.

உங்கள் பகுதிப் பிரச்சினைக்கு எழுத்தில் மனு கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி போட்ட ரசீது கேளுங்கள், பதிலையும் எழுத்தில் கேளுங்கள். அரசாங்கக் காகிதத்தைக் குடிமகன் பார்க்கலாம் என்ற சட்டத்தை ஸ்வீடன் 1766-லேயே கொண்டுவந்துவிட்டது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் தகவல் அறியும் சட்டம் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. 'எப்படி நடக்குதுன்னு உனக்குத் தெரியாது' என்பவருக்கு, நடந்ததன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லலாம்.

ஓட்டு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகவே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 2001 தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 59 சதவீதம்தான். வீட்டில் உட்கார்ந்துகொண்ட மீதிப் பேரின் தெருவுக்கு மெனக்கெட்டு வர எந்தக் கட்சிக்கு என்ன அவசரம்? கட்சிக்காரர்கள் வராமல் இருந்தே பழகினார்கள். 2016 வாக்கெடுப்பில் 72 சதவீதம் திரண்டபோது, அதில் வெகுநாள் ஓட்டுச் சாவடிப் பக்கமே போகாதவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய கோபத்தை அதற்குள் வேறு ஆட்கள் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டுவிட்டார்கள். உங்கள் ஓட்டை நீங்கள் விட்டுவிட்டால், உங்களை எரிச்சல்படுத்துகிறவர்களில் ஒருவருக்குக்கூட அது நஷ்டமில்லை. அடுத்த தேர்தலில் போடுங்கள். அதற்கு முன் ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் உங்கள் மனுவின் நகலைக் காட்டி, இதற்கு என்ன செய்வீர்கள், எப்போது செய்வீர்கள் என்று கேளுங்கள்.