அதென்ன 'சரியாக'?

கேள்வி: 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்' மாதிரி டிவி போட்டிகளில் ஜெயித்த பெண்கள் அப்புறம் காணாமல் போய்விடுகிறார்களே, உடம்பைச் சரியாக வைத்துக்கொள்ளாததாலா?

பதில்: காணாமல் போவது இருக்கட்டும், அதென்ன 'சரியாக'? எது சரி என்று அந்த நிகழ்ச்சிக்கே தெரியாது. 2006-ல் போட்டியிட்ட டேனியல் எவன்ஸ் என்ற பெண்ணுக்கு முன்பற்களுக்கு நடுவே சந்து இருந்தது. அடைத்துக்கொள்ளச் சொன்னார்கள், அவர் தயங்கினார், இந்தச் சந்தை வைத்துக்கொண்டு கவர்கேர்ல் அழகுசாதன நிறுவனத்தின் ஒப்பந்தம் கிடைக்கும் என்று நினைக்கிறாயா என்று நிகழ்ச்சியை நடத்திய டைரா பேங்க்ஸ் கேமரா முன்னாலேயே கேட்டார். கடைசியில் அந்தப் பெண் பாதி அடைத்துக்கொண்டார், பட்டமும் வென்றார். சரி, 2010-ல் அதே நிகழ்ச்சியில் செல்சி ஹெர்ஸ்லி என்ற பெண்ணுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? இருந்த சின்னச் சந்தை அராவிப் பெரிதாக்கினார்கள்! அராவிய பல் திரும்ப வளராது. பழைய காட்சிகள் 2020-ல் மறுபடி சுற்ற ஆரம்பித்ததும், சில முடிவுகள் தப்புதான் என்று டைராவே ஒப்புக்கொண்டார். பல்லுக்குச் சொந்தக்காரிக்கு அதனால் என்ன லாபம்?

வாய்ப்பு வராததற்கு எடை காரணமில்லை. டிவியில் அழுததையும் சண்டை போட்டதையும் ஊரே பார்த்த முகம் என்றால் பெரிய ஆடை நிறுவனங்கள் தயங்கும். பட்டத்துக்கும் பிழைப்புக்கும் சம்பந்தம் குறைவு. 2014-ல் பட்டம் கிடைக்காமல் வெளியேறிய வின்னி ஹார்லோ, உடம்பெல்லாம் வெண்திட்டுகளோடு, 2018-ல் விக்டோரியாஸ் சீக்ரெட் உள்ளாடை நிறுவனத்தின் மேடையில் நடந்தார். அந்த நிகழ்ச்சியால் தன் தொழிலுக்கு ஒரு பயனும் இல்லை என்று சொன்னவரும் அவர்தான்.

எனக்கு வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. பத்தொன்பது இருபது வயதுப் பெண்ணை நடுவர்கள் முன்னால் நிறுத்தி, இடுப்பு பெருத்துவிட்டது, தொடை தெரிகிறது என்று அவள் காதுபடவே பேசி ஒளிபரப்புகிறார்கள். ஒப்பந்தம் சீக்கிரம் முடிந்துவிடும், அந்தக் காட்சி மட்டும் எங்கேயோ ஓடிக்கொண்டே இருக்கும், அவள் வேறு வேலைக்குப் போய்க் குழந்தை பெற்ற பிறகும் முன்பின் தெரியாத யாரோ அதைப் பார்த்துவிட்டு அவள் எடையைப் பற்றி எழுதுவார்கள். நீங்கள் கேட்டதும் கிட்டத்தட்ட அதே ரகம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிரான்ஸில் 2017 முதல் மாடல்களுக்கு மருத்துவச் சான்று கட்டாயம். விளம்பரப் படத்தில் உடலை மெலியவைத்தோ பருக்கவைத்தோ திருத்தியிருந்தால் அதையும் படத்திலேயே சொல்லியாக வேண்டும். இந்த இரண்டாவது விதியை எல்லாப் பத்திரிகைகளும் ஏற்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் விடாமல் எழுதுகிறேன், விளம்பரதாரர்களுக்குப் பிடிக்காவிட்டாலும் எழுதுவேன். பிரிட்டனில் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பு 2021-ல் இன்னொரு விதி கொண்டுவந்தது: நிகழ்ச்சியில் பங்கேற்பதால் பாதிக்கப்படக்கூடியவர்களின் நலனைச் சேனல்தான் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சேனல்களுக்கும் அப்படி ஒரு விதி வரட்டும், படப்பிடிப்பு முடிந்து பல வருடம் ஆன பிறகும் மனநல மருத்துவருக்கான செலவைத் தயாரிப்பாளரே கொடுக்கட்டும்.