பழைய கார்பைனைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

அட்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தோட்டத்து துரை ஊர் திரும்பும்போது தாத்தாவுக்குக் கொடுத்த குதிரைப்படைத் துவக்கு எங்கள் வீட்டில் இருக்கிறது. வி.ஆர்., 1879, ஐ.சி.1 என்று வெட்டியிருக்கிறது. துருவைத் தேய்த்து, கட்டைக்கு வார்னிஷ் அடித்தால் விலை கூடுமா?"

கூடாது, குறையும். தயவுசெய்து உப்புத்தாளைக் கீழே வையுங்கள்.

வி.ஆர். என்றால் விக்டோரியா ராணி, ஐ.சி.1 என்பது வகைக் குறி. இந்த எழுத்துகளைப் பார்த்தால் அது மார்ட்டினி-ஹென்றி குதிரைப்படை கார்பைன், அதாவது குட்டைக் குழாய்த் துவக்கு. 1877இல் வந்த வகை. சேகரிப்பவர் முதலில் தேடுவது அந்த எழுத்துகளைத்தான். கிரீடச் சின்னம், வருடம், அரசு உடைமை என்று காட்டும் அம்புக்குறி எல்லாம் கூர்மையாக இருக்க வேண்டும். ஒரு முறை தேய்த்தால் விளிம்பு மழுங்கிவிடும், பிறகு எந்தக் கைவேலையாலும் அதை மீட்க முடியாது. எழுத்து தலைகீழாகவோ பிழையாகவோ இருந்தால் கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறை நகலாக இருக்கலாம், அதையும் பாருங்கள்.

இரும்பில் ஒட்டியிருக்கும் சீரான கரும்பழுப்புப் படிவு வயதின் அடையாளம். அதைத் தொடவே வேண்டாம். விரலில் செந்தூளாக ஒட்டுவதுதான் இன்னும் அரித்துக்கொண்டிருக்கும் துரு. அதில் மட்டும் மெல்லிய எண்ணெய் தடவி, ஓர் இரவு ஊறவிட்டுப் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். துணி சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கட்டை வால்நட் மரம், அதற்கு உலர்ந்த துணியே போதும். திருகாணிகளைக் கழற்றாதீர்கள். சிதைந்த திருகாணித் தலையைக் கண்டாலே வாங்குபவர் விலையைக் குறைப்பார்.

குழாயின் உட்புறமும் முக்கியம். அந்தக் காலத்து வெடிமருந்தான கருமருந்தின் கரி ஈரத்தை இழுக்கும், அதனால் உள்ளே குழி விழுந்திருக்கலாம். பார்ப்பதற்கு முன் குழாய் வாயை ஆபத்தில்லாத பக்கம் திருப்பி, நெம்புகோலைக் கீழே இறக்கி, தோட்டா போடும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிறகு டார்ச் வெளிச்சத்தில், குழாய்க்குள் சுழன்று செல்லும் ஏழு வரிப்பள்ளங்களும் தெளிவாகத் தெரிந்தால் நல்ல செய்தி. சுட்டுப் பார்க்கவே கூடாது.

நம் மலைப் பக்கத்து மூடுபனிதான் பெரிய எதிரி. தோல் உறையிலோ துணியிலோ சுற்றி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கணப்புக்கு மேலே மாட்டினால் கட்டையில் வெடிப்பு விழும். காற்றோட்டமான, வெயில் படாத அறையில், பூட்டிய அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வையுங்கள்.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் லைசன்ஸ் பற்றி ஒரு வரியும் இல்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இங்கே இலங்கையில் நடைமுறையில் இருக்கிறது. பழையதுதானே என்று விடாதீர்கள். அனுமதிப்பத்திரம் இல்லையென்றால் விலை பேசுவதற்கு முன், துவக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.